கத்திரிக்காய் மேல் ஒரு பொய்வழக்கு

தமிழ்நாட்டில் ஒருவருக்கு முழங்கை மடிப்பில் அரிப்பு வந்தால் முதலில் கைதாவது கத்திரிக்காய். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, ஜாமீனும் கிடையாது. அடுத்தபடியாகக் கருவாடு, இறால், முட்டை, நிலக்கடலை, தக்காளி, தயிர் என்று வரிசையாக உள்ளே போகும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அரிப்பு அதே மடிப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கும். உடனே வழக்கு நோயாளியின் பக்கம் திரும்பும். "நீ ஒழுங்காப் பத்தியம் இருந்திருக்க மாட்டே." கல்யாண வீட்டுச் சாம்பாரில் என்றைக்கோ மிதந்த ஒரு கத்திரிக்காய்த் துண்டு போதும், தீர்ப்பு எழுதிவிடலாம்.

எக்சிமா உள்ளவர்களுக்கு நம் ஊரில் மூன்று அறிவுரைகள் இலவசம். சாப்பாட்டை மாத்து, எக்சர்சைஸ் பண்ணு, லைஃப்ஸ்டைலை மாத்து. கேட்க நல்லாத்தான் இருக்கு. யார் மறுப்பார்கள்? இருபது வருடமாக இந்த நோயோடு குடித்தனம் நடத்துபவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: இந்த மூன்றும் சொல்லப்படும் விதத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. மாற வேண்டியவர் நோயாளி ஒருவர்தான். அவரிடமும் முதலில் மாற வேண்டியது தட்டுதான். அவரைச் சுற்றியிருக்கும் வீடு, பள்ளிக்கூடம், வேலையிடம், மருந்துக்கடை எதுவும் ஓர் அங்குலம்கூட நகர வேண்டியதில்லை. எக்சிமாவை அடக்கிவைக்கும் வாழ்க்கைமுறை மாற்றங்கள் நிஜமாகவே உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தட்டில் இல்லை. பாதிக்கு மேல் நோயாளியின் கையிலும் இல்லை.

1

வழக்கு பழையது. தமிழில் இந்த நோய்க்குக் கரப்பான் என்று பெயர். ‘கரப்பான் பண்டம்’ என்றே ஒரு சொல்லும் நம்மிடம் உண்டு. கரப்பானைக் கிளப்பிவிடும் உணவு என்று பொருள். சித்த மருத்துவப் பத்தியப் பட்டியலில் சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய், இறால் எல்லாம் அந்தத் தலைப்பின் கீழ் வரும்.

கம்பையும் வரகையும் கொஞ்சம் கவனியுங்கள். இன்றைக்கு எந்த ரீல்ஸைத் திறந்தாலும் "அரிசியை விடுங்க, சிறுதானியத்துக்கு மாறுங்க, தோல் வியாதி தானாப் போயிடும்" என்று ஒருவர் கை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குக் குற்றவாளிக் கூண்டில் நின்ற வரகு இன்றைக்கு வைத்தியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பேசுகிறவர் பாரம்பரியத்தின் பெயரால்தான் பேசுகிறார். பாரம்பரியம் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்கிறோமே என்று அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. பட்டியல் தலைகீழாகிவிட்டது. தோலில் வந்ததற்குத் தட்டில்தான் காரணம் என்ற நம்பிக்கை மட்டும் அசையவில்லை.

பழைய வைத்தியரைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது நோயாளி சாப்பிட்டதுதான். தோலின் செல்லுக்குள் நடப்பதை அவர் எதை வைத்துப் பார்த்திருப்பார்? கத்திரிக்காய் தின்றால் சிலருக்கு நாக்கும் உதடும் அரிப்பதும் உண்மைதான். ஆனால் அந்த அரை மணி நேர அரிப்பும், முழங்கால் மடிப்பில் பதினைந்து வருடமாகத் தடித்துக் கருத்துக் கிடக்கும் எக்சிமாவும் ஒன்றல்ல. வைத்தியருக்கு அது தெரியாமல் போனதற்கு நியாயம் இருக்கிறது. கைபேசியில் மருத்துவ நூலகத்தையே வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்த நியாயம் இல்லை.

"அப்ப எங்க சித்தப்பாவுக்குப் பத்தியத்துல சரியாப் போச்சே, அது எப்படி?" என்று கேட்பீர்கள். எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு சித்தப்பா உண்டு. எக்சிமா ஏறி இறங்கும் நோய். சும்மா விட்டாலும் சில வாரங்கள் கொதிக்கும், சில வாரங்கள் அடங்கும். நாம் பத்தியம் தொடங்குவது எப்போது? தாங்க முடியாமல் கொதிக்கும்போதுதான். உச்சிக்குப் போன பிறகு இறக்கம்தானே? அந்த இறக்கத்தில் எதைச் சாப்பிடாமல் இருந்தோமோ அதன் தலையில் பழியும், எதைச் சாப்பிட்டோமோ அதன் கழுத்தில் மாலையும் விழுகின்றன. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் வசதி. சிறுவயதில் வரும் எக்சிமா பலருக்கு வளர வளரத் தானாகவே தணிந்துவிடும். நடுவில் யார் எந்தக் கஷாயம் கொடுத்தாலும் பெயர் அவருக்குத்தான்.

2

இனி தோலுக்கு வருவோம். மேல்தோலை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே பூசிய கொழுப்புப் பொருள் காரை. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல், வெளியே இருக்கும் தூசியையும் கிருமியையும் உள்ளே விடாமல் நிற்பது இந்தச் சுவர். 2006ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முக்கியமான ஒன்றைக் கண்டுசொன்னார்கள். சுவர் உறுதியாக நிற்க ஃபிலாக்ரின் என்ற புரதம் தேவை. அதை உண்டாக்கும் மரபணுவில் பழுது இருப்பவர்களுக்கு எக்சிமா வரும் வாய்ப்பு மிக அதிகம். எக்சிமா வந்த எல்லோருக்கும் இந்தப் பழுது இருப்பதில்லை; வேறு மரபணுக்களும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் அதீதப் பதற்றமும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் கதையின் போக்கு மாறிவிட்டது. சுவர் முதலில் விரிசல் விடுகிறது. மற்றதெல்லாம் அந்த விரிசல் வழியாக வருகிறது.

மற்றதில் உணவு ஒவ்வாமையும் அடக்கம். நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வரிசையே தலைகீழ் என்பதுதான் இந்த வழக்கின் பெரிய திருப்பம். உணவு ஒவ்வாமையால் எக்சிமா வருகிறது என்கிறோம். லண்டனைச் சேர்ந்த குழந்தைகள் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லேக் மாற்றிச் சொன்னார். விரிந்த தோல் வழியாக உணவின் துகள் உடம்புக்குள் நுழையும்போது உடம்பு அதை எதிரியாகப் படித்துக்கொள்கிறது. அதே உணவு வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் நண்பனாகப் படித்துக்கொள்கிறது. அப்படியானால் வாய்க்கு மறுக்கப்பட்டு, வீட்டுத் தூசியில் மட்டும் இருக்கும் உணவுதான் ஆபத்து.

அவருடைய குழு இதைச் சோதித்தும் பார்த்தது. கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகள். வயது 4 முதல் 11 மாதம். ஒரு பாதிக்கு நிலக்கடலை சேர்ந்த உணவை ஒழுங்காகக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு அறவே கொடுக்கவில்லை. ஐந்து வயதானபோது கொடுக்காத குழந்தைகளில் 17.2 சதவீதத்தினருக்கு நிலக்கடலை ஒவ்வாமை. கொடுத்த குழந்தைகளில் 3.2 சதவீதம். முடிவு 2015இல் வெளியானது. அதாவது, "புள்ளைக்குத் தோல்ல ஏதோ இருக்கு, எதுக்கு வம்பு, கடலை குடுக்காதே" என்ற அக்கறைதான் அந்தப் பிள்ளைக்கு ஆபத்தான ஒவ்வாமையைத் தேடிக் கொடுக்கக்கூடியது. பத்தியம் பலன் தராமல் போவது இருக்கட்டும், திருப்பியும் அடிக்கும்.

உணவுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். கடுமையான எக்சிமா உள்ள கைக்குழந்தைகளில் சிலருக்கு முட்டையோ பாலோ நிஜமாகவே ஒத்துக்கொள்ளாது. அதற்கு அடையாளம் உண்டு. சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்தில், தடிப்புக் கிளம்பும், உதடு வீங்கும், வாந்தி வரும். அப்படி நடந்தால் ஒவ்வாமை மருத்துவரிடம் போய்ச் சோதித்து, அந்த ஒன்றை மட்டும் நிறுத்தி, எப்போது திரும்பக் கொடுக்கலாம் என்று அவரிடமே கேட்க வேண்டும். மூச்சுத் திணறினால் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, நேரே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். இதற்கு வெளியே, எக்சிமா உள்ள எல்லோருக்கும் பாலையும் முட்டையையும் நிறுத்தினால் பலன் உண்டா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2008இல் வந்தது. பலனுக்குச் சான்று கிடைக்கவில்லை. முட்டை ஒவ்வாமை இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட, சோதனையிலும் அது தெரிந்த குழந்தைகளுக்கு முட்டையை நிறுத்துவது உதவலாம் என்று மட்டும் சொன்னது. ஒரு குழந்தைக்கு ஒரு உணவு. ஊருக்கே ஒரு பட்டியல் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

3

பட்டியல் யார் கழுத்தில் போய் விழுகிறது என்று பார்த்தால் எரிச்சல் கூடும். கைக்குழந்தையின் கன்னம் சிவந்து நீர் வடிந்தால் மாமியார் முதலில் கேட்பது, "பால் குடுக்கிறவ என்னத்தைத் தின்னே?" அதோடு பிள்ளை பெற்று மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணின் தட்டிலிருந்து மீன், முட்டை, கடலை, பருப்பு எல்லாம் எடுக்கப்படுகின்றன. மிச்சம் ரசம் சோறு. உடம்பு தேற வேண்டிய நேரத்தில் அவளுக்குக் கிடைப்பது அதுதான். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தாய் இப்படி உணவுகளை ஒதுக்குவதால் குழந்தையின் எக்சிமாவைத் தடுக்க முடியும் என்பதற்குச் சான்றில்லை என்று இன்னொரு காக்ரேன் மதிப்பாய்வும் சொல்லிவிட்டது. தகப்பன் வழியில் எத்தனை பேருக்கு ஆஸ்துமா, எத்தனை பேருக்குத் தும்மல் என்று யாராவது கேட்கிறார்களா? எக்சிமாவும் ஆஸ்துமாவும் ஒரே குடும்பத்தில் சேர்ந்தே ஓடுகிறவை. அந்தக் கேள்வி வந்தால் மாமியார் வீடும் கூண்டில் ஏற வேண்டியிருக்குமே!

பத்தியம் இவ்வளவு செல்வாக்கோடு இருப்பதன் ரகசியமே இதுதான். அறிவுரை சொல்பவருக்குச் செலவு ஒரு பைசா கிடையாது. பலித்தால் புகழ் அவருக்கு. பலிக்காவிட்டால் தப்பு நோயாளிக்கு, இல்லையென்றால் நோயாளியின் அம்மாவுக்கு. இதைவிட லாபகரமான வைத்தியம் உலகத்தில் உண்டா?

4

இலவச அறிவுரைக்குப் பக்கத்திலேயே காசு வாங்கும் கடையும் இருக்கிறது. "இங்கிலீஷ் மருந்து பக்க விளைவு, எங்களுது முழுக்க மூலிகை" என்று எழுதிய டப்பா. 1999இல் லண்டன் மருத்துவர்கள் தங்களிடம் வந்த எக்சிமா நோயாளிகள் பூசிக்கொண்டிருந்த சீன மூலிகைக் களிம்புகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். 11 களிம்புகளில் 8இல் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. சுத்தமான ஸ்டீராய்டு. மூலிகை என்று நம்பி அவர்கள் குழந்தைகளின் முகத்தில்கூடப் பூசியிருந்தார்கள். ஒரு "மூலிகை" களிம்பு இரண்டே நாளில் அற்புதம் செய்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

மருந்துக்கடை இன்னொரு கூத்து. ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் இந்திய அரசு விதியை இறுக்கியது. தெருமுனைக் கடையில் போய் "அரிப்புக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒரே ட்யூபில் கலந்த களிம்பு கைக்கு வந்துவிடும். வந்திருப்பது எக்சிமாவா படர்தாமரையா என்று கேட்க ஆளில்லை. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் செழித்துப் பரவும்.

ஒரு பக்கம் இப்படிக் கண்மண் தெரியாமல் பூசுகிறோம். மறுபக்கம், தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த அதே ஸ்டீராய்டைத் தொடவே பயப்படுகிறோம். "ஐயோ ஸ்டீராய்டு, தோல் உரிஞ்சிடும்" என்று கடுகளவு தடவிவிட்டு, பலன் இல்லை என்று தூக்கிப் போடுகிறோம். இதற்கு அளவு இருக்கிறது. ட்யூபின் வாயிலிருந்து சுட்டுவிரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்கு அது போதும். முகத்துக்கு எந்த வீரியம், உள்ளங்காலுக்கு எது, எத்தனை நாள் என்று மருத்துவர் சொன்னபடி போட்டு நிறுத்தினால் பயப்பட ஒன்றுமில்லை. கண்டபடி போடுவதும் போடாமலே விடுவதும் ஒரே அறியாமையின் இரண்டு கன்னங்கள்.

நவீன வியாபாரத்துக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. குளிக்கும் தண்ணீரில் ஊற்றும் விசேஷ எண்ணெய், எக்சிமாவுக்கென்றே நெய்த பட்டுச் சட்டை, கடின நீரை மென்மையாக்கும் இயந்திரம் என்று மேல்நாட்டிலும் விற்றார்கள். மூன்றையும் இங்கிலாந்தில் முறையாகச் சோதித்தார்கள்: இயந்திரத்தை 2011இல், பட்டை 2017இல், குளியல் எண்ணெயை 2018இல். மூன்றாலும் சொல்லும்படியான கூடுதல் பலன் இல்லை. அந்த ஊரில் சோதித்துப் பார்த்து இல்லை என்று சொல்லவாவது ஆள் இருக்கிறது. கத்திரிக்காயை நாம் என்றைக்குச் சோதித்தோம்?

5

பிறகு எதுதான் வேலை செய்யும்? இந்தப் பகுதி கொஞ்சம் சலிப்பாக இருக்கும். ரீல்ஸ் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதல் வேலை சுவருக்குப் பூச்சு. குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் உடம்பெல்லாம் மாய்ஸ்சரைசர். காலையும் இரவும், அரிப்பு இல்லாத நாளும். எக்சிமா கடுமையாக இருந்தால் வாரத்துக்கு 250 கிராம்கூடச் செலவாகும். முகக் கிரீம் பூசுவதுபோல் பட்டும் படாமலும் தடவினால் ஒன்றும் நடக்காது. விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்றில்லை. மணமில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லியே நன்றாக வேலை செய்யும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. பிலிப்பைன்ஸில் மிதமான எக்சிமா இருந்த 117 குழந்தைகளிடம் சுத்தமான தேங்காய் எண்ணெயைக் கனிம எண்ணெயோடு ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. தேங்காய் எண்ணெய் முந்தியது. வாய் வழியாக நூறு விஷயத்தைத் தடுத்த பாட்டி, தலைக்குப் போக மிச்ச எண்ணெயை முழங்கையில் தடவியபோது சரியாகத்தான் செய்தாள்.

இரண்டாவது சோப். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உடையது. சாதாரணக் குளியல் சோப் காரம். நுரை பொங்கத் தேய்த்துக் குளிப்பதைச் சுத்தம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எக்சிமாத் தோலில் அது காரையைச் சுரண்டும் வேலை. வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத கழுவி, பத்து நிமிடத்துக்குள் குளியல்.

மூன்றாவது உடற்பயிற்சி. "ஓடு, கெட்ட நீரெல்லாம் வேர்வையா வெளியே போயிடும்" என்கிறார்கள். வேர்வையில் நோய் வெளியேறுவதில்லை. எக்சிமாக்காரருக்கு வேர்வைதான் அரிப்பு. தோலில் வாழும் ஒரு பூஞ்சை சுரக்கும் புரதம் வேர்வையில் கலந்து அரிப்பைக் கிளப்புகிறது என்று ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கண்டார்கள். அதற்காகப் பயிற்சியை விட வேண்டாம். தூக்கத்துக்கும் மனசுக்கும் அது நல்லது. இரண்டும் கெட்டால் எக்சிமா ஏறும். தளர்வான பருத்திச் சட்டை, வெயில் ஏறுவதற்கு முன் பயிற்சி, முடிந்த கையோடு வெறும் தண்ணீரில் ஒரு குளியல், மேலே மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான்.

நான்காவது தூக்கம். ராத்திரி சொறிவது தெரியாமல் நடக்கும். நகத்தை ஒட்ட வெட்டுவது, அரிக்கும் இடத்தைச் சொறியாமல் தட்டிக் கொடுப்பது, அறையைக் குளிர்ச்சியாக வைப்பது. எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். ஆனால் தினமும் செய்ய வேண்டியவை.

6

இப்போது இந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். இதில் எதை நோயாளி தனியாகச் செய்துவிட முடியும்?

தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்திருக்கும் வீட்டில், மாலை விளையாடிவிட்டு வந்த பையன் இரண்டாவது முறை குளிக்கட்டும் என்று யார் சொல்வார்கள்? ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் காற்றாடிக்குக் கீழே யார் படுப்பது? ஜூன் மாத வெயிலில் பாலியஸ்டர் கலந்த சீருடை, கழுத்தில் டை, காலில் சாக்ஸ், ஷூ என்று பள்ளிக்கூடம் கட்டாயப்படுத்துகிறது. அம்மா போய், "புள்ளைக்குத் தோல் ஒத்துக்கலை, பருத்திச் சட்டையும் செருப்பும் போட்டு அனுப்பலாமா?" என்று கேட்டால், "எல்லாருக்கும் ஒரே ரூல்தான் மேடம்" என்று பதில் வரும். அதே பள்ளியில் அந்தப் பையன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எக்சிமா ஒட்டுவதில்லை. அதைச் சொல்ல ஆசிரியருக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை. அந்தப் பையனுடைய லைஃப்ஸ்டைலில் என்ன தப்பு?

வேலையிடத்துக்கு வாருங்கள். எக்சிமாக் குடும்பத்திலேயே இன்னொரு வகை, தொட்டதால் வருவது. சிமெண்டில் கை வைக்கும் கொத்தனார், சித்தாள் கைகள் வெடித்துத் தடித்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காரணம் சிமெண்டின் காரம், இன்னொன்று அதில் இருக்கும் குரோமியம். அவர்களிடமும் நாம் "கருவாடு சேர்க்காதே" என்றுதான் சொல்கிறோம். டென்மார்க்கில் வேறு மாதிரி யோசித்தார்கள். சிமெண்டில் ஃபெரஸ் சல்பேட் சேர்த்தால் குரோமியத்தின் தீங்கு குறையும் என்பதால் 1983 முதல் அதைக் கட்டாயமாக்கினார்கள். கட்டடத் தொழிலாளர்களிடம் குரோமிய ஒவ்வாமை குறைந்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் சிமெண்டில் அந்த வகைக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. தொழிலாளியின் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, மாற்றியது சிமெண்டை. வாழ்க்கைமுறை மாற்றம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த உதாரணம்தான். ஓட்டல் பின்கட்டில் நாளெல்லாம் சோப்புத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை என்று இரண்டு ஜோடி கையுறை வாங்கிக் கொடுப்பது முதலாளியின் வாழ்க்கைமுறை மாற்றம். அவளை வரகு சாப்பிடச் சொல்வது எவருடைய மாற்றமும் அல்ல.

ஆகவே அறிவுரை சொல்லக் கை அரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், வகுப்பில், அலுவலகத்தில் எக்சிமா உள்ளவர் ஒருவர் இருப்பார். "என்ன சாப்பிட்டே?" என்று இனிமேல் கேட்காதீர்கள். முதுகில் கை எட்டாத இடத்தில் களிம்பு தடவிவிட ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். ராத்திரி தூங்கினாயா என்று கேளுங்கள். ஏசி ஓடும் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி, சீருடையில் ஒரு விலக்கு, வேலை நடுவே மாய்ஸ்சரைசர் பூச ஐந்து நிமிடம் வாங்கிக் கொடுக்க முடிந்தால் வாங்கிக் கொடுங்கள். பந்தியில் பக்கத்தில் உட்காருங்கள். எண்ணெய்க் கத்திரிக்காய் வந்தால் அவர் இலையிலும் இரண்டு கரண்டி விழட்டும்.